யானைமலையிலிருந்து தெரியும் மதுரை

மதுரைக்கு முதன்முறையாக வருகிறவர்களுக்குப் பத்துக் குறிப்புகள் எழுதித் தர முடியுமா என்று போன மாதம் கேட்டார்கள். ரயில் நிலைய வாசலில் நான் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்த சுற்றுலாத் தகவல் கவுண்டரை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு தொடுதிரை நிற்கிறது. அதற்குள் போடத்தான் குறிப்புகள். கேட்டவர் எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்த மகாலட்சுமி.

"நெட்டுல இருக்கறதையெல்லாம் நாங்களே எடுத்துருவோம் சார். நீங்க வாயால சொல்லிக்கிட்டிருந்தத மட்டும் எழுதிக் குடுங்க" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். முதல் ஐந்தும் தாமாகவே வந்துவிட்டன. கைப்பேசியைத் தங்கும் இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். கோயிலுக்குள் அனுமதி இல்லை, ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் வரிசையில் அரை மணி நேரம் போய்விடும். கோயில் நடை மதியம் சாத்திவிடும். அந்த நேரத்தை மகாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தூண்களுக்கு நடுவே வெயில் தெரியாது. பழைய நகரத்தில் வழி தப்பினால் பதறாதீர்கள். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று தெருக்கள் கோயிலைச் சதுரம் சதுரமாகச் சுற்றுகின்றன, ஒரே பேர் கொண்ட தெருவில் நான்கு முறை திரும்பினால் நின்ற இடத்துக்கே வந்துவிடலாம். காலையில் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், ஆனால் ராத்திரி இட்லி சாப்பிடாமல் ரயில் ஏறாதீர்கள். ஐந்தாவதாக, ஜிகர்தண்டாவை நின்றுகொண்டு அவசரமாகக் குடிக்காதீர்கள்.

ஆறாவது, "ஊரைத் தூரத்திலிருந்தும் ஒருமுறை பாருங்கள்" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அந்த ஒரு வரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லாமல் அதைத் திரைக்குள் போடக் கொடுக்க மனம் வரவில்லை. அதனால் இது குறிப்பாக இல்லாமல் கட்டுரையாகிவிட்டது.

என் ஊர் திருமங்கலத்துக்குப் பக்கம். பருத்தியும் சோளமும் போட்ட குடும்பம். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது எனக்கு மதுரையில் தெரிந்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டும் இரண்டு சினிமாக் கொட்டகையும்தான். மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். வணக்கம் சொல்வது, வரைபடத்தைத் திருப்பிப் பிடிக்காமல் காட்டுவது, இங்கிலீஷில் இருபது வாக்கியம். அவ்வளவுதான். மற்றதெல்லாம் இப்ராஹிம் சார் கற்றுக்கொடுத்தது.

இப்ராஹிம் சார் எங்கள் மேற்பார்வையாளர். கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். பழைய நகரத்தை எல்லோரும் அப்போது கோட்டை என்றுதான் சொல்வோம். ஒல்லியான ஆள், வெள்ளை முழுக்கைச் சட்டை. யாராவது கவுண்டருக்கு வந்து கேள்வி கேட்கத் தொடங்கினால் கையில் இருக்கும் பேனாவின் மூடியைப் போட்டு மேசையில் வைத்துவிடுவார். அவர்கள் முடிக்கும்வரை அதைத் தொடமாட்டார். அவரிடம் மூன்று கேள்விகள் இருந்தன. கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, கூட யார் வந்திருக்கிறார்கள், எவ்வளவு தூரம் நடப்பீர்கள். இதற்குப் பதில் வாங்காமல் ஓர் இடத்தின் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது.

"பக்கத்துலதான்" என்ற சொல் எங்கள் கவுண்டரில் தடை. நான் சேர்ந்த வாரத்தில் ஒரு பாட்டியிடம் அப்படிச் சொல்லிவிட்டேன். சார் அந்த அம்மாள் போனபிறகு கேட்டார்.

"யாருக்குப் பக்கம் செல்வராசு? ஒனக்கா, அந்த அம்மாவுக்கா?"

அடுத்த திங்கட்கிழமை ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து ரயில் நிலையத்திலிருந்து மேற்குக் கோபுரம் வரைக்கும் நடக்கச் சொன்னார். முதல்முறை என் நடையில். இரண்டாவது முறை ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு. மூன்றாவது முறை எவராவது வயதானவருக்குப் பின்னால் அவர் நடக்கும் வேகத்தில். மூன்று நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு எல்லாத் திங்கட்கிழமையும் ஒவ்வோர் இடமாக நடந்தேன். மகால், புதுமண்டபம், காந்தி மியூசியம், திருப்பரங்குன்றம் அடிவாரம். பொங்கலுக்கு முதல் நாள் அலங்காநல்லூருக்கே அனுப்பினார். ஜல்லிக்கட்டு பார்க்க வருகிறவர்களுக்கு எந்த வரிசையில் நின்றால் நிழல், எந்தப் பக்கம் தண்ணீர், கூட்டம் நெருக்கினால் எந்தச் சந்து வழியாக வெளியே வருவது என்று நானே நின்று பார்த்துவிட்டு வரவேண்டும். கால் வலித்தது உண்மை. ஆனால் இப்போது முட்டி தேய்ந்த பிறகு எதை நினைத்து ஏங்குகிறேன் என்றால் அந்தத் திங்கட்கிழமைகளை நினைத்துத்தான்.

கவுண்டருக்கு வெளியே ஒரு கரும்பலகை இருந்தது. தினமும் காலையில் முதலில் வருகிறவர் அதைத் துடைத்து அன்றைய நிலவரம் எழுத வேண்டும். கோயில் நடை திறக்கும் நேரம், சாத்தும் நேரம், எந்தத் தெருவில் போக்குவரத்து நிறுத்தம், பொழுது எப்போது சாயும். துடைக்காமல் தேதியை மட்டும் மாற்றக் கூடாது என்பது விதி. அந்த விதியை நான் மீறிய ஒரே நாளைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

அது தை மாதம், தெப்பத் திருவிழா நாள். மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று விடியற்காலையிலேயே மீனாட்சியம்மனும் சுவாமியும் கோயிலை விட்டுக் கிளம்பித் தெப்பக்குளத்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பும்வரை கோயில் நடை சாத்தியிருக்கும். எனக்குத் தெரியாத செய்தி இல்லை. வருடா வருடம் எழுதியிருக்கிறேன். அன்று பஸ் தாமதம், ஓடி வந்தேன், பலகையில் நேற்றைய எழுத்து அழகாக இருந்தது, தேதியை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். இப்ராஹிம் சார் அன்று பதினோரு மணிக்கு மேல்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்.

எட்டரை மணி இருக்கும். ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து இருக்கலாம். கத்தரிப்பூ நிறச் சேலை, தலையில் மல்லிகை. கணவரின் முழங்கையைப் பிடித்திருந்தார்.

"கோலார் தங்கவயல்லேர்ந்து வரோம் சார். மதுரைக்கு இதான் மொதல் தபா. இன்னா பாக்கலாம்?" என்று அவர் கேட்டார்.

நான் மூன்று கேள்விகளையும் கேட்டேன். நேரம் எவ்வளவு என்றதற்கு அந்த அம்மாள்தான் பதில் சொன்னார்.

"இன்னைக்கு மட்டுந்தான் தம்பி."

மறுநாள் ஊர் திரும்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். முதலில் கோயில், பன்னிரண்டரைக்கு மகால், நான்கு மணிக்குக் காந்தி மியூசியம் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். மேற்குக் கோபுரம் வரை உங்கள் நடைக்குப் பதினெட்டு நிமிடம் ஆகும் என்றும் சொன்னேன். அப்படித் துல்லியமாகச் சொன்னதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பதினொன்றே காலுக்கு இப்ராஹிம் சார் வந்தார். உள்ளே வரவில்லை. பலகைக்கு முன்னால் நின்றார். பிறகு துணியைக் கேட்டு வாங்கி முழுப் பலகையையும் துடைத்தார். சுண்ணக்கட்டியை எடுத்து, "இன்று கோயில் நடை சாத்தியிருக்கும். அம்மன் தெப்பக்குளத்தில்" என்று எழுதினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து நின்றேன். அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம்புட்டுப் பேருக்குச் சொன்ன?"

"பதினாலு பேருக்கு சார்."

"வேற எடம் போகணும்னு ஆட்டோ பிடிச்சிருப்பாங்க பாதிப் பேரு. திரும்பி இங்க வாரவங்க கூட நீ போ. தப்பா வழி சொன்னவன் கூடவே நடக்கணும். கவுண்டர நான் பாத்துக்கிறேன்."

திரும்பி வந்தது அந்தத் தங்கவயல் தம்பதி மட்டும்தான். பன்னிரண்டு மணி வெயிலில் நடந்து வந்தார்கள். நான் வெளியே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தார்.

"கோவிச்சிக்க வரல தம்பி. வேற இன்னா இருக்குதுன்னு கேக்கத்தான் வந்தோம். கோபுரத்தாண்ட நின்னோம். ஒரு பொம்மையோட காலு தெரிஞ்சுது. கொஞ்சம் அண்ணாந்தேன், இடுப்பு தெரிஞ்சுது. இன்னும் அண்ணாந்தேன், கழுத்து வலிச்சுது. ஒரு பொம்மைகூட முழுசா வரல."

எனக்குப் புரியவில்லை. கணவர் சொன்னார். அவர் பெயர் முனிசாமி, மனைவி சரோஜா. அந்த அம்மாளுக்கு வலக்கண் போய் இரண்டு வருடம் ஆகிறது. இடக்கண்ணில் சுற்றிலும் இருட்டு. நடுவில் ஒரு வட்டம் மட்டும் தெளிவாகத் தெரியும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி ஓரங்களைத் தின்றுவிட்டது. மதுரைக்கு வந்ததே கண் ஆஸ்பத்திரிக்காகத்தான். நாளைக் காலையில் அறுவை சிகிச்சை. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் அறுவை. ஆனால் இந்த அளவுக்கு முற்றியவர்களில் சிலருக்கு அந்த மிச்சமும் போய்விடலாம் என்று டாக்டர் எதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

"அதான் இன்னைக்கு மட்டும்னு சொன்னேன்" என்றார் சரோஜா அம்மாள்.

மூன்று கேள்வி கேட்டவன் நான். எதைப் பார்க்க ஆசை என்று கேட்கவே இல்லை. அந்த அம்மாள் பேசிக்கொண்டே ரயில் நிலைய வளாகத்துக்கு வெளியே பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு டவுன் பஸ் நின்றிருந்தது.

"அதோ, அந்தப் பஸ்ஸு முழுசா தெரியுது பாரு. சக்கரத்தோட."

"தூரமா இருந்தா முழுசாத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன். எப்போது அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

"தூரமா இருந்தா எல்லாம் உள்ள வந்துடும். கிட்ட வந்தாத்தான் வெளிய போயிடும்."

எனக்கு வழி தெரிந்துவிட்டது. ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருவில் தெரிந்த லாட்ஜ் ஒன்றின் மொட்டை மாடிக்கு முதலில் கூட்டிப்போனேன். அங்கிருந்து மேற்குக் கோபுரம் நன்றாகத் தெரியும். அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை மெல்லத் திருப்பினார். கோபுரம் வட்டத்துக்குள் வந்த கணத்தில் அவர் தோள் இறங்கியது.

"வந்துடுச்சு. ஒண்ணு முழுசா வந்துடுச்சு." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னும் தள்ளிப் போனா நாலு கோபுரமும் ஒண்ணா வருமா?"

முனிசாமி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் யானைமலை நினைவுக்கு வந்தது. மேலூர் ரோட்டில் ஒத்தக்கடையை ஒட்டி, படுத்த யானை மாதிரி ஒரே பாறையாகக் கிடக்கிற மலை. அங்கிருந்து ஊர் முழுவதும் தெரியும். ஆனால் படியேற வேண்டும். காலடி தெரியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஏறுவது எந்தத் திங்கட்கிழமையும் நான் நடந்து பார்க்காத நடை.

லாட்ஜிலிருந்து இப்ராஹிம் சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்.

"பொழுது சாயறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே எறங்கிரு. அந்தக் கண்ணுக்கு மங்கல்ல ஒண்ணும் தெரியாது. எறங்குறப்ப நீ முன்னால போ, அவங்க கை ஒன் தோள்ல இருக்கட்டும். எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்துக்க."

ஆட்டோவில் போனோம். அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் கோயில். சமணர் சிற்பம் இருக்கும் குகை வரைக்கும் படி உண்டு. முப்பதாவது படியிலேயே முனிசாமி அண்ணனுக்கு இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். சுரங்கத்துத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது என்றார்.

"சுரங்கம் மூடற வரைக்கும் தெனம் பூமிக்கு அடியில எறங்கிக்கினு இருந்தவன் சார். இந்தா இம்மாந்தூரம் மேல ஏற முடியல. நீங்க கூட்டிக்கினு போங்க. அவ பாக்கட்டும்."

மனைவியின் கையை எடுத்து என் கையில் வைத்தார். அக்கா அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நான் ஒவ்வொரு படியாகச் சொன்னேன். "இது சின்னப் படிக்கா. அடுத்தது ஒசரம். இப்ப எடப்பக்கம் பாறை, கைய வச்சுக்கங்க. இங்க வழுக்கும், நில்லுங்க." இருபத்தொன்பது வருடத்தில் அவ்வளவு கவனமாக நான் யாருக்கும் வழி சொன்னதில்லை. ஓரிடத்தில் கால் சறுக்கி அக்கா முட்டியில் சிராய்த்துக்கொண்டார். திரும்பிவிடலாம் என்றேன்.

"முட்டிக்குக் கண்ணு தேவையில்ல தம்பி, ஆறிடும். நட" என்றார்.

குகையைத் தாண்டி ஒரு சரிவான பாறை. அங்கே உட்கார வைத்தேன். மணி நான்கு. வெயில் எதிரே இருந்தது. நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொள்ளச் சொன்னேன். நான் பின்னால் உட்கார்ந்து திசை சொன்னேன்.

"நேரா பாருங்க. இப்ப என்ன தெரியுது?"

"பச்சையா தென்னந்தோப்பு."

"அதுக்கு மேல கொஞ்சம் தூக்குங்க. வலப்பக்கம். இன்னும் கொஞ்சம். மெதுவா."

நான் தவறான திசை சொல்லிவிட்டேனோ என்று பயந்து எட்டி முகத்தைப் பார்த்தேன். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாலும்" என்றார். "நாலும் ஒண்ணா நிக்குது தம்பி. நடுவுல சின்னச் சின்ன வூடா எம்மாம் இருக்குது. மதுரை மொத்தமும் உள்ள வந்துடுச்சு."

வெயிலுக்கு எதிராக நான்கு கோபுரங்களும் கருத்துத் தெரிந்தன. ஒரு நகரத்தில் இருபது வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த நானும் அதை முழுசாகப் பார்த்தது அப்போதுதான். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ரயில் நிலையம் எது, நாங்கள் நின்ற மாடி எது, ஆறு எங்கே போகிறது. எனக்குத் தெரிந்ததைத் திசையாகச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பித் திருப்பி வட்டத்துக்குள் கொண்டுவந்தார்.

"அந்த ஆஸ்பத்திரி?"

ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்று காட்டினேன். நீண்ட நேரம் அந்தத் திசையையே பார்த்தார்.

"இம்மாஞ் சின்னதா கீது" என்றார். "இதுக்கா ராத்திரியெல்லாம் பயந்தேன்."

பிறகு கோயிலைக் காட்டி, "அம்மன் அங்க இல்லன்னீங்களே, எங்க போயிருக்கா?" என்று கேட்டார். இடப்பக்கம் திருப்பினேன். வீடுகளுக்கும் மரங்களுக்கும் நடுவே தெப்பக்குளத்துத் தண்ணீர் ஒரு சின்னத் தகடாக வெயிலில் மின்னியது. அதுதான் என்றேன். கூட்டம், தெப்பம், மேளம் எதுவும் அங்கிருந்து தெரியாது, கேட்காது. அந்த மினுக்கம் மட்டும்தான். அக்கா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கைகள் கண்ணை மறைத்துவிட்டன போலிருக்கிறது. உடனே கையைக் கீழே இறக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவ்வளவு நேரம் அழாதிருந்த நான் அதைப் பார்த்து அழுதேன்.

இறங்க ஐம்பது நிமிடம் ஆனது. அவர் கை என் தோளில் இருந்தது. கீழே முனிசாமி அண்ணன் எழுந்து நின்று, "பாத்தியா?" என்று கேட்டார். அக்கா அவரை அங்கேயே நிற்கச் சொன்னார். பிறகு பத்துப் பதினைந்து அடி தள்ளிப்போய் நின்று, அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இப்பப் பாத்தேன்" என்றார்.

அறுவைக்கு மூன்றாம் நாள் முனிசாமி அண்ணன் மட்டும் கவுண்டருக்கு வந்தார். கட்டுப் பிரித்துவிட்டார்கள், வட்டம் அப்படியே இருக்கிறது என்றார். இப்ராஹிம் சார் பேனாவுக்கு மூடி போட்டபடி முழுக்கதையும் கேட்டார். அண்ணன் போனபிறகு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஆனமலை, ஏற எம்புட்டு நேரம், எறங்க எம்புட்டு நேரம், எழுது" என்றார்.

அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் சோதனைக்கு வந்தார்கள். வரும்போதெல்லாம் கவுண்டரில் ஒரு கால் மணி நேரம். எனக்குத் தங்கவயலிலிருந்து முறுக்குக் கொண்டுவருவார்கள். என் மனைவி மல்லிகைப்பூ கட்டிக் கொடுத்து அனுப்புவாள். அக்கா ஒவ்வொரு தடவையும் வட்டம் எவ்வளவு என்று கையால் காட்டுவார். முதலில் இரண்டு கையும் சேர்த்துத் தட்டு மாதிரி. சில வருடம் கழித்து வளையல் அளவு. ஒருமுறை மறுபடி மலைக்குப் போகலாமா என்று கேட்டேன். "நல்லா இருக்கறப்பப் பாத்தது அப்படியே இருக்கட்டும்" என்றார். இப்ராஹிம் சார் ஓய்வு பெற்றார். சில வருடத்தில் இறந்தும் போனார். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

பிறகு ஊரடங்கு வந்தது. ரயில்கள் நின்றன. நிலையத்தில் நாய்கள் மட்டும் படுத்திருந்த நாட்களில் நான் அவர்களுக்குப் போன் செய்து பார்த்தேன். எண் உபயோகத்தில் இல்லை என்றது. ரயில் ஓடத் தொடங்கியபிறகு பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளின் நேரத்துக்குக் கவுண்டரை விட்டு வெளியே வந்து நிற்பேன். கத்தரிப்பூ நிறச் சேலை தெரிந்தால் மனம் எழும்பும். யாரோ வேறொருவராக இருக்கும். அப்படியே என் ஓய்வு நாளும் வந்து மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

திருமங்கலத்துக்குத் திரும்பவில்லை. மகள் ஒத்தக்கடையில் கல்லூரியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே புது வீடுகள் வரும் பகுதியில் ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டோம். யாரும் என்னிடம் வழி கேட்பதில்லை. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் யாராவது திருதிருவென்று விழித்தால் நானே போய், "எங்க போகணும்?" என்று கேட்பேன். மகள் திட்டுவாள்.

போன வருடம் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு.

"தம்பி, தங்கவயல் சரோஜா."

அவரே சொன்னார். ஊரடங்கில் சொட்டு மருந்து சரியாகக் கிடைக்கவில்லை, வர முடியவில்லை, கண் போய்விட்டது. முனிசாமி அண்ணன் அடுத்த வருடம் போய்விட்டார். பழைய போன் தொலைந்துபோனது. பேத்தி அட்டைப்பெட்டியில் கிடந்த பழைய டைரியைத் துழாவி என் எண்ணை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கேட்டார்.

"ஆனமலை மேலேர்ந்து இப்போ இன்னா தெரியுது தம்பி?"

மறுநாள் காலையில் ஏறினேன். நானும் முட்டி தேய்ந்தவன். முன்னைவிட அதிக நேரம் பிடித்தது. அதே சரிவில் உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டேன். தென்னந்தோப்பு பாதிதான் இருக்கிறது, மீதியில் வீடுகள் வந்துவிட்டன என்றேன். பாலம் ஒன்று புதிதாக ஓடுகிறது என்றேன். கோபுரங்கள் நான்கும் அப்படியே என்றேன். அவர் அங்கே ஒவ்வொன்றுக்கும் "உம்" கொட்டினார். அன்றிலிருந்து மாதத்தில் ஒருநாள் ஏறுகிறேன். மழை பெய்தால் ஊர் என்ன நிறம், அறுப்பு முடிந்தால் வயல் என்ன நிறம் என்று சொல்கிறேன். சில நேரம் அவர் என்னைத் திருத்துவார். "ஆறு அந்தப் பக்கம் இல்ல தம்பி, இப்படிக்கா போவும்" என்பார். அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

சென்ற வாரம் போனபோது ஊரே புகைமூட்டமாக இருந்தது. பனியா, தூசியா தெரியவில்லை. அடிவாரத்து வீடுகளுக்கு அப்பால் வெறும் வெள்ளை. ஒரு நிமிடம் யோசித்தேன். நான்கு கோபுரமும் தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது. ஆனால் ஒருமுறை பார்க்காமல் எழுதியதே போதும்.

"இன்னைக்கு ஒண்ணும் தெரியலக்கா. ஒரே மூட்டமா இருக்கு. நாளைக்கு வந்து பாத்துச் சொல்றேன்."

"போன வைக்காதீங்க" என்றார். "இருப்போம். விலகட்டும்."

இருந்தோம். அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரோ கன்னடத்தில் பேசிக்கொண்டு போனார்கள். என் பக்கம் மேலூர் ரோட்டு லாரிச் சத்தம். எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெள்ளைக்கு நடுவே கறுப்பாக ஒரு நுனி தெரிந்தது. முதலில் நம்பவில்லை. எழுந்து நின்று பார்த்தேன்.

"அக்கா, ஒண்ணு தெரியுது."

"எது தம்பி?"

"தெக்குக் கோபுரம்."

அந்தப் பக்கம் அவர் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது.

"அதான் ஒசரம்" என்றார். "மத்த மூணும் வந்துடும். நீங்க உக்காருங்க."